பால் கொடுக்கும் தாய் நாய்க்கு முடி வெட்டுவது, குளிப்பாட்டுவது: உதவி தேவை

மழைத்துளி:
எங்கள் ஷிட்சு குட்டி போட்டு இரண்டு வாரம் ஆகப் போகிறது. ஐந்து குட்டிகளும் நன்றாகப் பால் குடிக்கின்றன, எடையும் ஏறுகிறது. தாயின் முடியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாலடியிலும் பின்னங்காலிலும், குட்டி போட்ட பிறகு வரும் கசிவு காய்ந்து சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. வயிற்று முடி பாலில் நனைந்து திரி திரியாகத் தொங்குகிறது. நேற்று ஒரு குட்டியின் முன்னங்காலில் அந்த முடி சுற்றிக்கொண்டு, அது கத்தியபோதுதான் கவனித்துப் பிரித்துவிட்டோம்.

நாய்க்கு முடி வெட்டிவிடும் க்ரூமரிடம் கூட்டிப் போகலாமா, வீட்டிலேயே குளிப்பாட்டலாமா? உண்ணிக்குப் போடும் ஷாம்பு ஒன்று வீட்டில் இருக்கிறது, அது பரவாயில்லையா? இன்னொன்று, கசிவு இன்னும் நிற்கவில்லை. பழுப்பு கலந்த சிவப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. இது வழக்கமானதுதானா?

வாலாட்டி:
குளிப்பாட்டவே கூடாதுங்க. குட்டிகள் பால் மறக்கும் வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்க்குச் சளி பிடித்தால் பால் வழியாகக் குட்டிக்கும் வரும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

கத்தரி:
வாலாட்டி அண்ணா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு முழுக் குளியல் வேண்டாம், அது சரி. ஆனால் காரணம் பால் வழியாகப் போகும் சளி இல்லை. முதல் சில வாரங்களில் குட்டிகளால் தங்கள் உடல் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது, தாயின் வயிற்றோடு ஒட்டித்தான் சூடு வாங்குகின்றன. அடிமுடி வரை காயாத தாய் வந்து படுத்தால் குட்டிகள் குளிர்ந்து போகும். குளிர்ந்த குட்டி பால் குடிக்காது, குடித்தாலும் செரிக்காது. அப்புறம் ஷாம்பு. என்னதான் அலசினாலும் காம்பைச் சுற்றி மிச்சம் ஒட்டியிருந்தால் அது நேராகக் குட்டியின் வாய்க்குள் போகும். கண்ணும் காதும் திறக்காத குட்டி வாசனையை வைத்துத்தான் காம்பைத் தேடுகிறது, அதனால் வாசனைச் சாமான் எதுவும் அங்கே வேண்டாம்.

உண்ணி ஷாம்புவைத் தொடவே வேண்டாம். பவுடர், ஸ்ப்ரே, டீ ட்ரீ எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ இருந்தால் நெருக்கப் பல் சீப்பால் வாரி எடுங்கள், படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். பால் கொடுக்கும் நாய்க்கும் போடக்கூடிய மருந்துகள் உண்டு, ஆனால் அதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். தெள்ளுப்பூச்சியை லேசாகவும் விட்டுவிடாதீர்கள். சின்னக் குட்டிகளுக்கு அது கடித்துக் கடித்தே ரத்தசோகை வந்துவிடும்.

க்ரூமர் கடைக்குக் கூட்டிப் போவதும் இப்போது வேண்டாம். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நானே இதைச் சொல்கிறேன் பாருங்கள். பல நாய்கள் வந்து போகிற இடத்திலிருந்து குட்டிகளுக்குக் கடும் கழிச்சல் தரும் பார்வோ கிருமி காலிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வரலாம், குட்டிகளுக்கு இன்னும் தடுப்பூசி போடும் வயசு வரவில்லை. தவிர, குட்டியை விட்டுவிட்டு வந்த தாய் மேஜை மேல் நிற்காது. அதன் கவனமெல்லாம் வாசலிலேயே இருக்கும்.

ஆனால் முடி வெட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. குட்டியின் காலில் சுற்றியது கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும்? இன்றைக்கே செய்யுங்கள். வயிறும் பின்பக்கமும் போதும், முதுகையும் முகத்தையும் இப்போது தொட வேண்டாம்.

குட்டிகள் வயிறு நிறையக் குடித்துத் தூங்கும் நேரமாகப் பாருங்கள். அப்போது மடியும் தளர்ந்திருக்கும். முதலில் தாயை வெளியே விட்டுச் சிறுநீர் கழிக்க வையுங்கள். பக்கத்து அறையில், வழுக்காத விரிப்பில், ஒருவர் பிடித்துக்கொண்டு தடவிக் கொடுக்க, இன்னொருவர் வெட்டுங்கள். வயிற்றில் கத்தரிக்கோல் வேண்டாம், என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். முடிக்குள் காம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நுனியை நறுக்கிவிடுவார்கள். மின்சாரத்தில் ஓடும் கிளிப்பரில் 10-ஆம் எண் பிளேடு போட்டு, ஒவ்வொரு காம்பையும் விரல் நுனியால் மூடிக்கொண்டு, அதைச் சுற்றி எடுங்கள். பிளேடு ஓட ஓடச் சூடாகும். அவ்வப்போது உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

பின்பக்கச் சிக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் ஒற்றி வைத்தால் காய்ந்த கசிவு இளகும். விரலால் பிரிகிறதைப் பிரியுங்கள். பிரியாததைத் தூக்கிப் பிடித்து வெட்டாதீர்கள், சிக்கோடு தோலும் மடிந்து மேலே வரும். தோலுக்கும் சிக்குக்கும் நடுவே சீப்பைச் செருகி, அதற்கு மேலே கிளிப்பரை ஓட்டினால் காயம் படாது. முடித்ததும் வெறும் வெந்நீர்த் துணியால் வயிற்றைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பாலில் ஒட்டிய துண்டு முடிகள் குட்டி வாய்க்குப் போகக் கூடாது. டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஹேர் ட்ரையரும் தேவைப்படாது.

கசிவைப் பற்றி இங்கே மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஈரமூக்கு:
கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். குட்டி போட்டவுடன் கரும்பச்சையாக இருந்து, பிறகு சிவப்பும் பழுப்புமாக மாறி, மூன்று நான்கு வாரம் வரை குறைந்துகொண்டே வருவது வழக்கமானதுதான். சில நாய்களுக்கு இன்னும் நீளும். அளவு கூடுகிறதா, துர்நாற்றம் அடிக்கிறதா, சீழ் போல இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே தாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் கருப்பையில் தொற்று இருக்கலாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆசனவாயில் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சரியான அளவு.

முடி வெட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சின்ன இனம், ஐந்து குட்டி, பால் நன்றாகச் சுரக்கும் நாட்கள். ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்குவது இந்த மாதிரி நாய்களுக்கு, குட்டி போட்ட முதல் நான்கு வாரத்தில்தான் அதிகம். ஓயாமல் மூச்சிரைப்பு, நிலைகொள்ளாமை, விறைத்த நடை, உடம்பு நடுக்கம், கடைசியில் வலிப்பு. கிளிப்பர் சத்தத்துக்குப் பயந்து நடுங்குகிறது என்று நினைத்து மேலும் இறுக்கிப் பிடிப்பார்கள். கிளிப்பரை அணைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பயமாக இருந்தால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இரவானாலும் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான், சில மணி நேரத்தில் உயிரே போகும். முன்னெச்சரிக்கை என்று நீங்களாகக் கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். குறிப்பாகச் சினைக்காலத்தில் கொடுப்பது இந்த ஆபத்தைக் கூட்டத்தான் செய்யும்.

சும்மாபடிப்பவன்:
குட்டிகளின் நகத்தை யாரும் சொல்லவில்லையே! பால் குடிக்கும்போது முன்னங்காலால் மடியைப் பிசையும், நகம் ஊசி மாதிரி இருக்கும். தாயின் வயிற்றில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் காரணம் அதுதான். கீறல் வழியாகக் கிருமி போய் மடி வீங்கும், வலித்தால் தாய் எழுந்து ஓடிவிடும். மனிதர்களுக்கான சின்ன நகவெட்டி போதும். குட்டி தூங்கும்போது வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. வயிறும் பின்பக்கமும் வெட்டி முடித்தோம், அவளே நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். குட்டிகளின் நகமும் எடுத்தாயிற்று. சும்மாபடிப்பவன் சொன்னது சரி, முடியை எடுத்த பிறகுதான் கீறல்களே தெரிந்தன. ஆனால் பின்வரிசையில் இடது பக்கம் ஒரு மடி மற்றவற்றைவிடக் கெட்டியாகவும் சூடாகவும் இருக்கிறது, லேசாகச் சிவந்தும் இருக்கிறது. தொட்டால் திரும்பிப் பார்க்கிறாள். காய்ச்சல் 39.6. சாப்பிடுகிறாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கவா?

ஈரமூக்கு:
ஒத்தடம் கொடுக்கலாம், ஆனால் அதோடு நிறுத்தாமல் இன்றே காட்டுங்கள். மடி அழற்சியின் தொடக்கம் போலத் தெரிகிறது. கருநீலமாக மாறினால், அல்லது பாலில் சீழோ ரத்தமோ தெரிந்தால் அவசரம். நம் வீட்டு வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு. பால் கொடுக்கிறாள் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், குட்டிகளைப் பாதிக்காத ஆன்டிபயாட்டிக்காகப் பார்த்து எழுதுவார். கிளம்பும் முன் குட்டிகளைக் குடிக்க வைத்து, கதகதப்பாக மூடிவிட்டுப் போங்கள். அங்கே தாயைத் தரையில் விடாமல் உங்கள் மடியிலேயே வைத்திருங்கள்.

வாலாட்டி:
முடி இருந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. சரி, தண்ணீர் விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் பழைய ஆள்தான், ஆனால் முடி விஷயத்தில் கத்தரி பக்கம்.

மழைத்துளி:
காட்டிவிட்டு வந்தோம். மடி அழற்சிதான், ஆரம்ப நிலை. மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒத்தடம் தொடரச் சொன்னார். சீழ் கட்டவில்லை என்பதால் குட்டிகள் அந்தக் காம்பிலும் குடிக்கலாமாம், பால் தேங்காமல் இருப்பது நல்லது என்றார். அடுத்து எப்போது முழுசாகக் குளிப்பாட்டலாம்? முதுகு முடியும் இப்போது சீப்பில் கை கையாக வருகிறது.

கத்தரி:
மாத்திரை முடிந்து, குட்டிகள் நான்கு வாரம் தாண்டித் திட உணவு தின்னத் தொடங்கியபின் பார்க்கலாம். வாசனையில்லாத, நாய்க்குட்டிகளுக்கான ஷாம்பு. வாருவது முதலில், குளியல் அப்புறம், இல்லாவிட்டால் இருக்கும் சிக்கு தண்ணீரில் இறுகிவிடும். அடிமுடி வரை காய்ந்த பிறகே குட்டிகளிடம் விடுங்கள்.

முடி கொட்டுவது குட்டி போட்ட நாய்களுக்குச் சகஜம், பால் மறக்கடிக்கும் சமயத்தில் இன்னும் கொட்டும், சில மாதத்தில் திரும்ப வளர்ந்துவிடும். தினம் கொஞ்ச நேரம் மென்மையான பிரஷ்ஷால் வாரிவிடுங்கள், குட்டிப் பெட்டிக்குள் வைத்து மட்டும் வேண்டாம். தீனியைக் கூட்டியிருக்கிறீர்களா? மூன்றாவது, நான்காவது வாரத்தில் வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே கேட்கும், குட்டிகளுக்கான தீனியையே தாய்க்கும் கொடுக்கலாம். முடி ஒரே இடத்தில் வட்டமாகக் கொட்டினாலோ, தோல் சிவந்து சொறிந்தாலோ அது வேறு கதை, மாத்திரை முடிந்து மறுபடி காட்டப் போகும்போது அதையும் காட்டிவிடுங்கள்.