காதணி விருந்துக்குக் கறி எங்கே வாங்குவது?

மீனா சித்தி: ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வெளிமாநிலத்திலிருந்து உறைய வைத்து வரும் கறியை வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது நாய்க்கறி என்று ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. யாராவது விசாரித்தீர்களா?

கார்த்திக்: விலை குறைவு சித்தி. அதனால்தான் பேசினேன்.

செல்வி அத்தை: குலதெய்வத்தின் முன்னால் பெட்டிக் கறியா?

சுந்தரம் பெரியப்பா: நாய்க்கறிப் பேச்சு புதிதன்று. 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த ஏறத்தாழ 2,000 கிலோ இறைச்சியைக் கைப்பற்றியபோதும் ஊர் முழுக்க இதையேதான் பேசினார்கள். பின்னர் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்து, அது ஆட்டிறைச்சிதான் என்று சொன்னார்கள். எந்த விலங்கின் சதை என்பதை ஒரு சிறு துண்டின் மரபணுவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஆடு என்று தெரிந்ததாலேயே அது உண்ணத் தக்கது என்று ஆகிவிடாது. வழியில் எத்தனை மணி நேரம், என்ன வெப்பத்தில் கிடந்தது என்பதே என் கவலை.

ராமு மாமா: அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார், ஆய்வு ஓயவில்லை.

கார்த்திக்: பனிக்கட்டி போட்டுத்தான் அனுப்புவார்களாம் பெரியப்பா.

சுந்தரம் பெரியப்பா: பனிக்கட்டி போதாது. உறைந்த இறைச்சி மைனஸ் 18 டிகிரி குளிரில் வர வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் பெருகும். பையின் அடியில் சிவப்பு நீர் தேங்கி உறைந்திருந்தால், நடுவில் ஒருமுறை இளகியிருக்கிறது என்று சந்தேகப்படு. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் நான்கு குழந்தைகள் இறந்த பிறகு, 1996இல் அங்கே இறைச்சி ஆலைகளில் ஈ.கோலி என்ற குடல் கிருமிக்கான சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். அதோடு, எந்தக் கட்டத்தில் கிருமி நுழையும் என்று முன்கூட்டியே கணித்து, அங்கே வெப்பத்தையும் நேரத்தையும் குறித்து வைக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். ஏனெனில் சோதனைக்குப் போவது சில துண்டுகள்தான், பந்திக்கு வருவது மற்றவை எல்லாம்.

செல்வி அத்தை: ஆகவே கிடா வெட்டுவதுதான் சரி.

சுந்தரம் பெரியப்பா: அதையும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. முறையான அறுவைக்கூடத்தில் ஆட்டை உயிருடன் ஒருமுறையும், வெட்டிய பின் ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஒருமுறையும் கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே முத்திரை விழும். நம் தோப்பில் வெட்டினால் யார் பார்ப்பது?

செல்வி அத்தை: என் மகள் கல்யாணத்தில் நீங்கள் பார்த்தது போதாதா அண்ணா? ஈரல் முழுவதையும் குழியில் போடச் சொன்னீர்கள். சம்பந்தி வீட்டார் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சுந்தரம் பெரியப்பா: அந்த ஈரலில் தட்டைப்புழு இருந்தது.

ராமு மாமா: ஈரல் இல்லாத பந்தியில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

மீனா சித்தி: பழையதை விடுங்கள். நம் கறிக்கடை பாயிடம் கேட்கலாமா?

கார்த்திக்: நான் பெட்டிக் கறிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ராமு மாமா: யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?

சுந்தரம் பெரியப்பா: கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். அவர்களுடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும், வெட்டிய தேதியையும் வாங்கி அனுப்பு. பெட்டி வந்து இறங்கும்போது நான் வெப்பமானியோடு நிற்பேன். இளகியிருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

செல்வி அத்தை: எதை வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள். சாமிக்கு ஒரு கிடா உண்டு, அதில் பேச்சில்லை.

மீனா சித்தி: பெட்டியைத் திருப்பி அனுப்பினால் அன்று காலையில் கறிக்கு எங்கே போவது? பாயிடம் 20 கிலோவாவது சொல்லி வைக்கட்டுமா, வேண்டாமா?

ராமு மாமா: ஈரல் தனியாகச் சொல்லுங்கள்.