நெவாடால ஸ்லாட் மெஷின் இருக்குற கடைய வாங்குறோம், லைசன்ஸ் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

லாஸ் வேகாஸ் பக்கம் கடை, கேஸ் ஸ்டேஷன் வச்சிருக்குற நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தா ப்ளீஸ் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. நானும் மச்சானும் சேர்ந்து ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோர் பேசிட்டு இருக்கோம், உள்ள ஓரமா ஸ்லாட் மெஷினும் (காசு போட்டு ஆடுற சூதாட்ட மெஷின்) ஓடுது. பழைய ஓனரோட லைசன்ஸ் அப்படியே உங்க பேருக்கு மாறிடும்னு புரோக்கர் அடிச்சு சொல்றாரு, ஆனா இந்த ஊர்ல அந்தக் கதை நடக்காது, வாங்குறவங்க புதுசா கேமிங் கன்ட்ரோல் போர்டுல (சூதாட்டத்தைக் கண்காணிக்கிற மாநில அமைப்பு) அப்ளை பண்ணணும், அவங்க விசாரிச்சு சிபாரிசு பண்ணி அப்புறம் கேமிங் கமிஷன் முடிவு பண்ணணும், விசாரணை செலவும் நம்ம தலையிலதான். 15 மெஷின் வரைக்கும் ரெஸ்ட்ரிக்டட் லைசன்ஸ்னு சொல்ற சின்ன அளவு லைசன்ஸ் போதும், ஆனா கடை வியாபாரம்தான் மெயினா இருக்கணும்.

இப்ப என் டவுட்டு, மெஷின் போடுற ரூட் ஆப்பரேட்டர்கிட்ட வருமானத்துல பங்கு வாங்குனா நாமளும் லைசன்ஸ் எடுத்தாகணும், அதனால ஆரம்பத்துல மாச வாடகை மட்டும் வாங்கிக்கலாமா? யாராச்சும் அப்படி பண்ணிருக்கீங்களா, கட்டுப்படியாகுதா?

இன்னொன்னு, மச்சான் போடுற பணம் ஊர்ல நிலம் வித்தது. காசு எங்கேருந்து வந்துச்சுன்னு போர்டுல குடைஞ்சு எடுப்பாங்களாமே, பத்திரம் முழுக்க தமிழ்ல இருக்கு, மொழிபெயர்ப்பு யார்கிட்ட பண்ணீங்க?

அப்புறம் மச்சானோட தம்பி கேசினோல டீலர் (சீட்டு போடுற ஆள்) வேலைக்குப் போகப் போறான், அவனுக்குக் கைரேகை, ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் தனி. ஊர்ல அவன் மேல ஒரு பழைய அடிதடி கேஸ் இருந்து தள்ளுபடி ஆயிடுச்சு, மறைக்காம எழுதிடுன்னு சொல்லிட்டேன், கூட என்ன பேப்பர் வைக்கணும்?

நல்ல கேமிங் வக்கீல் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பேசிடணும்.