டைல்ஸை எண்ணிப் பாருங்க: வீட்டு விளம்பரப் படமும் 16 மி.மீ. லென்ஸும்

ஒளிப்பெட்டி:
நேத்து வீடு வாங்கற இழையில வேலந்தாவளத்தான் எழுதுனது: "16 மி.மீ. லென்ஸ் போட்டு வீட்டைப் படம் எடுக்கறவன் எல்லாம் ஃப்ராடு. பத்துக்குப் பன்னெண்டு ஹாலைக் கல்யாண மண்டபமா காட்டறான்." அவர் சொல்ற பாலக்காட்டுச் சித்தூர் வீட்டைப் படம் எடுத்தது நான்தான். கொழிஞ்சாம்பாறையில ஸ்டுடியோ வெச்சிருக்கறேன். சும்மா விட முடியாதுங்க.

லென்ஸ் சுவத்தைத் தள்ளி வைக்காது. மி.மீ. எண் கொறையக் கொறைய அகலமா பாக்கும், அவ்வளவுதான். அந்த ஹால் மூலையில முதுகு சுவத்துல ஒட்ட நின்னாலும் 24 மி.மீ.-ல கிடைவாக்குல 74 டிகிரிதான் விழும். ஒரு சுவரும் பாதி சோபாவும் தெரியும், அவ்வளவுதான். 16 போட்டா 97 டிகிரி. சிட்அவுட் (முன் வராந்தா) கதவு, மாடிப்படி, பூஜை ரூம் மூணும் ஒரே படத்துல வரும். எந்தக் கதவு எங்க போகுதுன்னு வாங்கறவருக்குத் தெரியோணுமில்ல? இன்னொண்ணு. அதே இடத்துல நின்னு 16-ல எடுத்த படத்தோட நடுப்பகுதியை வெட்டுனா, 24-ல எடுத்த அதே காட்சிதான் கெடைக்கும். சந்தேகம் இருந்தா யார் வேணாலும் செஞ்சு பாக்கலாம்.

தரையில ரெண்டடி டைல்ஸ். அகலத்துல 5, நீளத்துல 6. அப்ப பத்துக்குப் பன்னெண்டு. படத்துலயே இருக்குது. எண்ணிப் பாருங்க.

வேலந்தாவளத்தான்:
ஆமாங்க சார், இனி வீடு பாக்கறவங்க எல்லாம் குனிஞ்சு டைல்ஸ் எண்ணோணும்!

என் மச்சான் அபுதாபியில இருக்காரு. வாட்ஸ்அப்புல உங்க படத்தைப் பாத்துட்டு, எட்டு பேர் உக்கார்ற டைனிங் டேபிள் போட்டுக்கலாம், உடனே அட்வான்ஸ் குடுன்னாரு. டேப்பைக் கையில எடுத்துட்டுப் போனதால தப்பிச்சோம். டேபிள் போட்டா நாற்காலியை இழுக்க இடமில்லை. படத்துல வலது ஓரத்துல இருந்த திவான் எட்டடிக்குத் தெரியுது. நேர்ல ஆறடி. இதுக்கு என்ன பேர் வெப்பீங்க?

ஒளிப்பெட்டி:
ஓரத்துல இருக்கறதை இழுக்கத்தான் செய்யும். நேர்கோட்டை நேராவே காட்டற எந்த வைட் லென்ஸும் அப்படித்தான். வட்டத் தட்டை ஓரத்துல வெச்சா முட்டை வடிவமாயிரும். அதனாலதான் மனுசங்களை ஓரத்துல நிறுத்தமாட்டோம். திவானைத் தள்ளச் சொன்னேன், வீட்டுக்காரம்மா விடல. டைல்ஸ் விசயத்துக்கு பதில் சொல்லுங்க. எண்ணுனீங்களா, இல்லையா?

வேலந்தாவளத்தான்:
எண்ணினேன். நாலு வரிசைதான் தெரியுது. மிச்சத்தை உங்க சோபா மறைக்குது.

கணவாய்க்காத்து:
நான் சிவில் எஞ்சினியர், கஞ்சிக்கோட்டுல வேலை. அது ரெண்டடி டைல்ஸ்னு யார் சொன்னது? 40 செ.மீ. டைல்ஸும் கடையில கெடைக்குது, அதாவது 16 இஞ்ச். அதுல 5 வரிசைன்னா 6 அடி 8 இஞ்ச்தான். படத்தைப் பாத்து எந்த சைஸ்னு சொல்லவே முடியாது.

அப்பறம், 2016 ரெரா சட்டத்துல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துல, 12-ஆம் பிரிவு இருக்குது. விளம்பரத்துல இருக்கற பொய்யான தகவலை நம்பி முன்பணம் குடுத்து நஷ்டப்பட்டா புரமோட்டர் ஈடு குடுக்கோணும். விலகிக்கறேன்னு சொன்னா பணத்தை வட்டியோட திருப்பித் தரோணும். படம் எடுக்கறவங்க இதைத் தெரிஞ்சுக்கறது நல்லது.

சித்தூர்ப்பொண்ணு:
அண்ணா, அந்தச் சட்டம் புதுசா கட்டி விக்கற புரமோட்டருக்கு. சொந்தமா குடியிருந்த பழைய வீட்டை விக்கற ஆளுக்கு அது வராது. நான் இந்தப் பக்கம் வீடு கைமாத்தி விடற தொழில்ல இருக்கறேன், எனக்கும் கொஞ்சம் சட்டம் தெரியும்.

கணவாய்க்காத்து:
புரோக்கரம்மா சட்டம் பேச வந்துட்டாங்க. ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கறவங்க படத்துக்கு வக்காலத்து வாங்காம வேற என்ன செய்வாங்க?

சித்தூர்ப்பொண்ணு:
கமிஷன் வாங்கறேன், ஒளிச்சு வாங்கல. போன வருசம் இதே கணவாய்க்காத்து என்கிட்ட வீடு பாத்துட்டு, பின்னாடி ஓனரை நேரா கூப்பிட்டுப் பேசுனாரு. அதையும் இங்க எழுதட்டுமா?

தென்னந்தோப்பு:
டைல்ஸை விடுங்க. ஒளிப்பெட்டி சார், அந்த வீட்டு வீடியோவுக்கு டிரோன் விட்டீங்களே, பக்கத்து வீடு எங்களோடது. எங்கம்மா கெணத்தடியில துணி தொவைச்சுட்டு இருந்தாங்க. தலைக்கு மேல வந்து நின்னுச்சு.

ஒளிப்பெட்டி:
249 கிராம் டிரோன். 2021 டிரோன் விதிப்படி 250 கிராம் வரைக்கும் நானோ வகை, பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் பறக்கலாம்.

தென்னந்தோப்பு:
சான்றிதழ் வேண்டாம்னா அடுத்த வீட்டுக் கெணத்தடியைப் படம் எடுக்கலாம்னு எந்த விதியில இருக்குது?

ஒளிப்பெட்டி:
உங்க வீடு படத்துல ரெண்டு செகண்ட்தான் வருது, அதுவும் ஓடு மட்டும்.

இங்க எல்லாரும் படம்னா கேமராவை நீட்டி அமுக்கறதுன்னு நெனைக்கறீங்க. நம்ம பக்கத்து வீட்டுல ஓட்டுச் சரிவு கீழ வரைக்கும் எறங்கியிருக்கும், உள்ள இருட்டு. வெளிய பாலக்காட்டுக் கணவாய் வெயில். ஜன்னல் வெளிச்சத்துக்கு அளந்தா ரூம் கருப்பாயிரும், ரூம் வெளிச்சத்துக்கு அளந்தா ஜன்னல் வெறும் வெள்ளையாயிரும். அதனால ட்ரைபாடை நெஞ்சு உயரத்துல நிறுத்தி, ஒவ்வொரு ரூமுக்கும் 3 படம், ரெண்டு ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு நாலு மடங்கு வெளிச்ச வித்தியாசத்துல எடுத்துச் சேக்கறேன். கேமராவை ஒரு டிகிரி குனிய விட்டாலும் கதவு நெலையோட மேல்பக்கம் வெளிய சாஞ்சுரும், அதுக்காக லெவல் பாக்கறேன். சமையல்கட்டுக்குப் பின்னாடி வொர்க் ஏரியாவுல இருந்த சிலிண்டரு, பக்கெட்டு, விளக்குமாறு எல்லாத்தையும் என் கையால எடுத்து வெச்சேன். செவப்பு ஆக்சைடு தரை இருக்கற பழைய வீட்டுல அந்தச் செவப்பு மாறாம வரோணும்னு டியூப்லைட்டை அணைச்சுட்டுப் பகல் வெளிச்சத்துலயே எடுப்பேன். இவ்வளவு செஞ்சவனைப் பாத்து ஒரே வார்த்தையில ஃப்ராடுங்கறீங்க.

பொய்ங்கறது எது தெரியுங்களா? வீட்டுக்கு மேல போற கரண்டு கம்பியை அழிக்கறது. காலி ரூம்ல கம்ப்யூட்டர்ல சோபா வரையறது, அதுவும் அளவு சின்னதா வரையறது. அது ஒண்ணும் நான் செஞ்சதில்லை.

வேலந்தாவளத்தான்:
கம்பி அழிக்கல, செரி. ஹாலை மட்டும் பெருசாக்குனீங்க. உங்க படத்தோட எக்ஸிஃப், அதான் கேமரா படத்துக்குள்ளயே எழுதி வெக்கற விவரம், பாத்தேன், 10 மி.மீ.-ன்னு இருக்குது. 16 கூட இல்ல! இப்ப என்ன சொல்றீங்க?

ஒளிப்பெட்டி:
கேமரா கேனான் ஏ.பி.எஸ்-சி, சென்சார் சின்னது. பெரிய சென்சார் கணக்குக்கு மாத்த 10-ஐ 1.6-ஆல பெருக்குங்க, 16 வரும். தெரியாத விசயத்துல மூக்கை நுழைக்காதீங்க. டைல்ஸை எண்ணுங்க.

கணவாய்க்காத்து:
என்ன சைஸ் டைல்ஸ்?

ஒளிப்பெட்டி:
ரெண்டடி!

வேலந்தாவளத்தான்:
நாலு வரிசைதான் தெரியுது.

சித்தூர்ப்பொண்ணு:
ஒரு ஃப்ளோர் பிளானும் ரூம் அளவும் படத்துக்குக் கீழ போட்டிருந்தா இத்தனை பேச்சு வேண்டாம். போடச் சொல்லி நான் எத்தனையோ தடவை ஒளிப்பெட்டி அண்ணன்கிட்ட சொன்னேன்.

ஒளிப்பெட்டி:
அளவு எழுதறது விக்கறவங்க வேலை, என் வேலை இல்ல. எனக்குப் படத்துக்குத்தான் காசு குடுத்தாங்க, அதுவும் பேரம் பேசி.

தென்னந்தோப்பு:
கெணத்தடி வீடியோவை எப்ப அழிப்பீங்க?

ஒளிப்பெட்டி:
வேலந்தாவளத்தான், ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்கே வாங்க. நான் டேப் கொண்டு வர்றேன். ஒரு டைல்ஸை அளந்துருவோம்.

சித்தூர்ப்பொண்ணு:
அந்த வீடு போன வாரமே கைமாறிருச்சுங்க. கோயம்புத்தூர் பார்ட்டி.

ஒளிப்பெட்டி:
பாத்தீங்களா! படத்தைப் பாத்து வந்தவங்கதான் வாங்குனாங்க.

வேலந்தாவளத்தான்:
நேர்ல பாத்ததுக்கப்பறம் எவ்வளவு கொறைச்சு வாங்குனாங்கன்னு சித்தூர்ப்பொண்ணுகிட்டக் கேளுங்க. கேட்டுட்டு எழுதுங்க.