குவாலிஸ்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாத்தியாச்சு, ரெண்டுல இருந்து மூணுக்கு ஒழுங்கா போகல – கோளாறு பாக்ஸ்லயா, வெளியிலயா?

கெடிலம்கரை:
வணக்கம். வண்டி 2003 குவாலிஸ், 2.4 டீசல். அப்பாவுக்கு இடது முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து கிளட்ச் மிதிக்க முடியல, வண்டிய விக்கவும் அவருக்கு மனசு வரல, அதனால பாண்டில ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டு டொயோட்டா ஏ340ஈ நாலு கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் போட்டோம். பாக்ஸ் ஏதோ பெட்ரோல் கார்ல இருந்து கழட்டுன இம்போர்ட் சரக்கு, முன்னாடி பெல் ஹவுசிங் மட்டும் மாத்தி நம்ம இஞ்சினோட சேர்த்துட்டாங்க, கியர் மாத்த தனியா ஒரு கன்ட்ரோலர் டேஷ்போர்டுக்கு கீழ உக்காந்திருக்கு. இப்ப பிரச்சனை என்னன்னா ஒண்ணுல இருந்து ரெண்டு சுகமா விழுது, ரெண்டுல இருந்து மூணுக்கு போறப்ப ஆர்பிஎம் சர்ருன்னு எகிறி அப்புறம் டொம்முன்னு ஒரு இடி. ஈசிஆர்ல ஓவர்டேக் பண்ண ஃபுல்லா மிதிச்சா ரெண்டுலயே நிக்குது, இஞ்சின் கத்துதே தவிர மூணு விழவே மாட்டேங்குது, காலை எடுத்தா உடனே விழுது. காலைல பரவாயில்ல, அரியாங்குப்பம் டிராஃபிக்ல ஊர்ந்து வந்தப்புறம் மோசம். பாக்ஸ் வித்தவரு கன்ட்ரோலர்னு சொல்றாரு, கன்ட்ரோலர் ஆளு பாக்ஸுன்னு சொல்றாரு, ஒர்க்‌ஷாப்ல "ஓட ஓட செட் ஆயிடும் சார்"ங்கறாங்க.

நெட்டப்பாக்கம் மெக்கானிக்:
செட் எல்லாம் ஆகாது தம்பி. ஆர்பிஎம் எகிறுதுன்னா உள்ள கிளட்ச் பிளேட் வழுக்குது, சூடானா மோசம்னா சீல் போச்சு. மூணுக்குன்னு இருக்கற டைரக்ட் கிளட்ச் தேஞ்சிருக்கு. பாக்ஸ இறக்கு, பிரி, பிளேட் செட்ட மாத்து. கழட்டிப் போட்ட பாக்ஸ் எவ்ளோ நாள் ஆயில் வத்தி வெயில்ல கிடந்துச்சோ யாருக்குத் தெரியும். வித்தவன் எத்தன நாள் கேரண்டி குடுத்தான்னு பாரு, அது முடியறதுக்குள்ள இறக்கிடு.

வயர்மேன் பாண்டி:
அண்ணே மன்னிக்கணும், இறக்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரத்துல முடியற வேலை ஒண்ணு இருக்கு. அந்த பாக்ஸ்ல கியர் மாத்தறது ரெண்டே சோலினாய்டு, அதாவது கரண்ட்ல திறந்து மூடற ஆயில் வால்வு. ரெண்டுக்கும் கரண்ட் போகலன்னாலும் பாக்ஸ் ஓடும், லிவர் எல்-ல இருந்தா ஒண்ணு, 2-ல இருந்தா மூணு, டி-ல இருந்தா நாலு. அதனால பாக்ஸுக்குப் போற வயர் கப்ளர கழட்டிட்டு எல்-ல கிளம்பி, கையால 2, அப்புறம் டின்னு தள்ளி ஓட்டிப் பாருங்க. டி-ல நின்ன இடத்துல இருந்து கிளம்பாதீங்க, நாலாவது கியர்ல கிளம்புற மாதிரி ஆயிடும், இழுக்காது. விடியக்காலைல கிருமாம்பாக்கம் தாண்டி ரோடு காலியா இருக்கறப்ப பண்ணுங்க. மூணு கியரும் வழுக்காம பிடிச்சா பாக்ஸ் உள்ள பெரிசா ஒண்ணும் இல்ல, வெளிய தேடலாம். அப்படியே மல்டிமீட்டர்ல சோலினாய்டயும் பாருங்க, ஒவ்வொண்ணும் 11ல இருந்து 15 ஓம் காட்டணும்.

ஈசிஆர் ஓட்டுனர்:
டயர் சைஸ் பெருசா போட்டிருக்கியா ப்ரோ? அதான் ஸ்பீடு தப்பா போய் கியர் லேட்டா விழும், எனக்கு தெரிஞ்ச ஜீப்ல இதே கதை.

வயர்மேன் பாண்டி:
ஸ்பீடோமீட்டர் தப்பு காட்டும், அது சரி. ஆனா இந்த பாக்ஸ்ல ஸ்பீடு சென்சார் இருக்கறது பாக்ஸோட பின் ஷாஃப்ட்ல, சக்கரத்துல இல்ல. அந்த ஷாஃப்டுக்கும் இஞ்சினுக்கும் உள்ள கணக்கு கியர பொறுத்ததுதான், டயர எவ்ளோ பெருசாக்கினாலும் மாறாது. லோடு ஏறும், பிக்கப் கம்மியாகும், ஆனா ரெண்டுலயே மாட்டிக்காது.

ஃபுல் மிதில மாட்டறதுக்கு என் சந்தேகம் வேற. பாக்ஸ் பெட்ரோல் கார்ல இருந்து வந்ததுன்னு சொல்றாரு. கன்ட்ரோலர்ல இருக்கற மேப்பும் (எவ்ளோ மிதிச்சா எந்த ஸ்பீடுல கியர் மாறணும்ங்கற கணக்கு) பெட்ரோலுக்கு போட்டதாத்தான் இருக்கும், ஃபுல் மிதில 5500 ஆர்பிஎம்முக்கு மேல போனாதான் அடுத்த கியருன்னு எழுதியிருக்கும். நம்ம குவாலிஸ் டீசலு நாலாயிரம் சொச்சத்துல கவர்னர் பிடிச்சு டீசல வெட்டிடும். அந்த 5500ஐ இஞ்சின் இந்த ஜென்மத்துல பாக்காது, அப்புறம் எப்படி மூணு விழும்? காலை எடுத்தா உடனே விழுதுன்னு அவரே சொல்றாரு பாருங்க, மிதி குறைஞ்சா மேப்ல மாத்தற ஸ்பீடும் குறையுது, உடனே மாறுது. இதுக்கு பாக்ஸ பிரிச்சு என்ன பண்றது?

நெட்டப்பாக்கம் மெக்கானிக்:
சரிப்பா அத ஒத்துக்கறேன், மேப்ப மாத்து. அந்த எகிறலுக்கு என்ன சொல்ற? அது பாதி மிதிலயே வருதுல்ல. லேப்டாப்ப வெச்சு பிளேட்டுக்கு தடிமன் ஏத்துவியா?

பழைய டீசல்:
இடையில ஒரு வார்த்தை. ரிவர்ஸ்ல வழுக்குதா? ஏன் கேக்கறேன்னா இந்த பாக்ஸ்ல மூணுக்கு பிடிக்கற அதே டைரக்ட் கிளட்ச்தான் ரிவர்ஸுக்கும் பிடிக்கும். அது தேஞ்சிருந்தா மேட்டுல ரிவர்ஸ் எடுக்கறப்ப தெரியும்.

கெடிலம்கரை:
ரிவர்ஸ் ஜோரா இருக்கு சார், வீட்டு வாசல் சரிவு நல்லா செங்குத்து, நாலு பேர வெச்சுகிட்டே ஏறுது.

நெட்டப்பாக்கம் மெக்கானிக்:
ரிவர்ஸ்ல ஆயில் பிரஷரே தனியா கூடுதலா வரும், பாதி தேஞ்ச பிளேட்டும் அதுல பிடிச்சுக்கும். ரிவர்ஸ் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுக்க முடியாது. போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்குல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு வண்டி நல்லா சூடா இருக்கறப்ப ஐடில்ல நியூட்ரல்ல இருந்து டி போடு, கியர் பிடிச்சு ஒரு அடி விழற வரைக்கும் எண்ணு. 1.2 செகண்டுக்குள்ள விழணும். ரிவர்ஸுக்கு 1.5. அதுக்கு மேல போனா நான் சொன்னதுதான்.

வயர்மேன் பாண்டி:
அந்த டெஸ்ட் நல்ல டெஸ்ட், மறுக்கல. ஆனா பிரஷர் கம்மியா இருந்தாலும் அதே லேட்டுதான் வரும், பிளேட்டுதான்னு எப்படி பிரிப்பீங்க? இந்த பாக்ஸ்ல பிரஷர கூட்டி குறைக்கறது த்ராட்டில் கேபிள். பெட்ரோல் கார்ல அது த்ராட்டில் பாடில மாட்டியிருக்கும், இங்க டீசல் பம்ப் லிவர்ல எங்கயோ ஒரு பட்டைய வெல்ட் அடிச்சு மாட்டியிருப்பாங்க. ஐடில்ல தொய்வு இல்லாம இருக்கணும், ஃபுல்லா மிதிச்சா கேபிள் கடைசி வரைக்கும் இழுபடணும், ரெண்டும் ஒண்ணா வரணும். பம்ப் லிவர்ல பிடிச்ச ஓட்டை சென்டருக்கு ரொம்ப கிட்ட இருந்தா ஐடில் சரியா வரும், மிதிக்கறப்ப பாதிதான் இழுக்கும். பாக்ஸ் என்ன நினைக்கும்? இவன் மெதுவா ஓட்றான்னு நினைச்சு பிரஷர கம்மியா குடுக்கும், ஆனா இஞ்சின் முழு பலத்தோட தள்ளும். அப்ப வழுக்கத்தான் செய்யும். இப்படியே நாள் கணக்குல ஓட்டினா நல்ல பிளேட்டும் எரிஞ்சுரும், அந்த விஷயத்துல அண்ணன் பயப்படறது நியாயம்.

நெய்வேலி தென்றல்:
ஆர்சி புக்ல ஏத்திட்டீங்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த ஸ்பெக்க மாத்தக்கூடாது. எஃப்சி போறப்ப மாட்டுவீங்க.

கெடிலம்கரை:
அத அப்பா பாத்துக்கறாரு, இப்ப கியர் விழட்டும் முதல்ல.

பழைய டீசல்:
ஆயில் எப்படி செக் பண்றீங்க? இஞ்சின ஆஃப் பண்ணிட்டு குச்சிய இழுத்தா தப்பு. நல்லா ஓட்டி சூடாக்கி, பிரேக்க மிதிச்சுகிட்டு எல்லா பொசிஷனுக்கும் ஒரு தடவ லிவர தள்ளி பி-க்கு வந்து, இஞ்சின் ஐடில்ல ஓடிகிட்டே இருக்கறப்ப குச்சிய பாக்கணும். குவாலிஸ் மேனுவல் வண்டி, ரேடியேட்டர்ல பாக்ஸ் ஆயில் கூலரே கிடையாது, முன்னாடி தனியா கூலர் வெச்சாங்களா, டியூப் சன்னமா மடிச்சு விட்டிருக்காங்களா பாருங்க. சித்திரை வெயில்ல அரியாங்குப்பத்துல ஊர்ந்தா கூலர் இல்லாத பாக்ஸ் வெந்துரும். இன்னொண்ணு, கடலூர் உப்புக்காத்துல எர்த் ஸ்ட்ராப் (பாக்ஸுக்கு எர்த் குடுக்கற பட்டை) அரிச்சு பச்சை பூத்து நிக்கும், பாக்ஸ மாத்தறப்ப ஸ்ட்ராப்ப மாட்டாமலே விட்டுட்ட கேஸும் நிறைய பாத்திருக்கேன், எர்த் சரியில்லன்னா கன்ட்ரோலர் பேய் பிடிச்சாப்ல ஆடும்.

கெடிலம்கரை:
எல்லாம் பண்ணியாச்சு, வரிசையா எழுதறேன். கப்ளர கழட்டி ஓட்டினேன், எல், 2, டி மூணுலயும் சூடாவும் சரி பச்சையாவும் சரி வழுக்கவே இல்ல, மூணுல ஃபுல்லா மிதிச்சும் பாத்தேன், கப்புன்னு பிடிச்சுது. சோலினாய்டு ரெண்டும் 13 ஓம் பக்கம். எர்த் ஸ்ட்ராப் இருக்கு, ஆனா போல்ட்டு துரு, தேய்ச்சு மாட்டிட்டேன், அதனால பெரிய மாற்றம் இல்ல. கேபிள்தான் அண்ணா, ஃபுல்லா மிதிச்சு தம்பிய பாக்கச் சொன்னா பாதிக்கு மேல இழுபடவே இல்ல. லிவர்ல வெளிப்பக்கம் புது ஓட்டை போட்டு மாட்டினதும் அந்த எகிறல் முக்கால்வாசி போச்சு, இடியும் போச்சு. கன்ட்ரோலர் ஆள வம்பு பண்ணி ஃபுல் மிதி ஷிஃப்ட 3800க்கு இறக்க வெச்சேன், இப்ப ரெட்டிச்சாவடி தாண்டி பஸ்ஸ ஓவர்டேக் பண்றப்ப மூணு தானா விழுது.

ஆனா ஸ்டாப்வாட்ச் டெஸ்ட்ல நல்ல சூட்டுல டி ஒரு செகண்ட்ல விழுது, ரிவர்ஸ் ரெண்டு செகண்ட் கிட்ட எடுக்குது. கூலர் இருக்கு, ஆனா சின்னது.

நெட்டப்பாக்கம் மெக்கானிக்:
அப்படி சொல்லு. டி சரியா விழுது, ரிவர்ஸ் மட்டும் லேட்டு. பிரஷர் மொத்தமா கம்மின்னா ரெண்டும் லேட்டாகணும்ல? மூணுக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவா இருக்கறது அந்த டைரக்ட் கிளட்ச்தான். கப்ளர கழட்டி ஓட்டி வழுக்கலன்னு சொன்னது ஏற்கனவே பிடிச்ச கிளட்ச், பிடிக்கறப்ப சீல்ல கசியறது அதுல தெரியாது.

வயர்மேன் பாண்டி:
ரிவர்ஸுக்குன்னு இன்னொரு பிரேக்கும் பிடிக்கணும், அதுல கசிஞ்சாலும் இதே லேட்டு வரும், மூணுக்கு அது சம்பந்தமே இல்ல. ஒரு சின்ன கூலரோட வெந்த ஆயில வெச்சுகிட்டு பாக்ஸ பிரிச்சா அப்புறம் எது சரியாச்சுன்னே தெரியாது. பெரிய கூலர் போட்டு, ஆயில் மாத்தி, பிரஷர் கேஜ் மாட்டி சூட்டுல ஒரு தடவ அளந்துட்டு பேசலாம். ஆயில் மாத்தறப்ப ஒண்ணு, பாக்ஸுக்கு அடியில இருக்கற ஆயில் பேன் பிளக்க கழட்டினா கொஞ்சந்தான் இறங்கும், மிச்சமெல்லாம் கன்வர்ட்டர்லயே (இஞ்சினையும் பாக்ஸையும் ஆயில் மூலமா சேர்க்கற பாகம்) இருக்கும், அதனால ஓட்டி ஓட்டி ரெண்டு மூணு தடவ மாத்தணும்.

நெட்டப்பாக்கம் மெக்கானிக்:
கேரண்டி முடிஞ்சப்புறம் பேசுவீங்க ரெண்டு பேரும். சரி, பாக்ஸ இறக்க வேணாம், பேன மட்டும் கழட்டு. காந்தத்துல சாம்பல் கலர்ல மாவு மாதிரி இருந்தா ஒண்ணும் இல்ல, எல்லா பாக்ஸ்லயும் இருக்கும். கருப்பு துகளும் தீஞ்ச வாசனையும் இருந்தா போட்டோ எடுத்து வித்தவனுக்கு அனுப்பு அன்னிக்கே. கேஜ் என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை வண்டிய கொண்டா, பேன் கேஸ்கட் மட்டும் நீயே வாங்கிட்டு வந்துடு.

வயர்மேன் பாண்டி:
நானும் வரேன் அண்ணே. கேஜ மாட்டறது நீங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு படிக்கறது நான்.