மூன்று பச்சை விளக்குகளும் எரிந்த பிறகு சக்கரக் கால் முறியுமா?

செம்பனைப் பட்டறை (பெஸ்தாரி ஜெயா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் பட்டறையில் நெடுநாளாகப் பணிபுரிகிறேன். அக்காள் மகன் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்திருப்பதால், விமான விபத்துச் செய்திகளை இப்போது முன்னைவிடக் கவனமாகப் படிக்கிறேன்.

2025 பிப்ரவரி 10 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஸ்காட்ஸ்டேல் விமான நிலையத்தில் தரையிறங்கிய லியர்ஜெட் 35ஏ ரக வணிக ஜெட் ஒன்று, ஓடுபாதையை விட்டு விலகி, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத்தின்மீது மோதியது. ஒருவர் உயிரிழந்தார். இடப்பக்க முதன்மைச் சக்கரக் கால் செயலிழந்ததாகத் தெரிகிறது என்று நிலையத்தார் அறிவித்தனர்.

இதைப் படித்தபோது எங்கள் பட்டறையில் நடந்தது நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு, குலை ஏற்றும் டிராக்டரின் டிரெய்லரைக் கழற்றி, கொக்கியில் மாட்டும் பின்னின் மேலிருந்த பழைய கிரீஸைத் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியபோதுதான், அதன் கழுத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருப்பது தெரிந்தது. முந்தைய நாள் மாலைவரை அந்த வண்டி சுமையோடு ஓடியிருக்கிறது. ஓட்டியவருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. விமானியும் அப்படித்தானா? சக்கரங்கள் இறங்கிவிட்டன என்று விளக்கு காட்டிய பிறகும் கால் முறியக்கூடுமா?

சுபாங் ஹாங்கர் பதிலளித்தது:

முறியக்கூடும், ஐயா. கால் முழுமையாக இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று பூட்டிலுள்ள உணரி சொல்வதைத்தான், காலுக்கு ஒன்றாக இருக்கும் அந்த மூன்று பச்சை விளக்குகளும் காட்டுகின்றன. உலோகத்துக்குள் இருக்கும் விரிசலை அறிய அந்த உணரிக்கு வழியில்லை.

கால் இறங்கவே மறுத்தால், விமானிக்குச் சற்று அவகாசமாவது கிடைக்கும். அவசரக் காற்றழுத்தத்தைத் திறந்து காலை இறக்கிப் பார்க்கலாம், கோபுரத்துக்கு அருகில் தாழப் பறந்து கீழிருப்பவர்களைப் பார்க்கச் சொல்லலாம், வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்துக்கொள்ளலாம். தரையைத் தொட்ட பிறகு கால் விட்டுப்போனாலோ, இதில் எதற்கும் நேரம் இராது. அந்தப் பக்கத்து இறக்கை சரிந்து தரையில் உராய, விமானம் அந்தப் பக்கமே இழுபடும். வேகம் இருக்கும்வரை வால் சுக்கான் ஓரளவு உதவும். வேகம் குறையக் குறைய அதன் பிடி தளர்ந்துவிடும். எஞ்சுவது மறுபக்கச் சக்கரத்தின் பிரேக்கும் முன்சக்கரத்தைத் திருப்புவதும்தான்.

நீங்கள் மண்ணெண்ணெயால் கண்டதை நாங்கள் சாயத்தால் காண்கிறோம். பாகத்தைச் சுத்தமாகக் கழுவி, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, அது விரிசலுக்குள் இறங்கும்வரை காத்திருந்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஊறி வெளியே வரும். முதன்முதலாக அப்படியொரு கோட்டைப் பார்த்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

காப்பார் வாசகர் பதிலளித்தது:

நம் எல்மினா விபத்தும் இயந்திரக் கோளாறுதானே? வணிக ஜெட்டுகள் பழையனவாகிவிட்டன என்பதே என் எண்ணம்.

சுபாங் ஹாங்கர் பதிலளித்தது:

இல்லை ஐயா, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டு 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த பீச்கிராஃப்ட் பிரீமியர் விமானம் எல்மினாவில் விழுந்து, விமானத்திலிருந்த 8 பேரும் சாலையில் சென்ற 2 பேரும் இறந்தனர். தரையிறங்கிய பிறகே விரிக்க வேண்டிய, இறக்கையின் ஏற்றுவிசையை அழிக்கும் தகடுகள், இறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்பின்போது வானத்திலேயே விரிக்கப்பட்டன என்பதே விசாரணையின் முடிவு.

கோளாறு என்றால் 2024 பிப்ரவரி 9 அன்று புளோரிடாவின் நேப்பிள்ஸ் அருகே நடந்ததைச் சொல்லலாம். சேலஞ்சர் 604 விமானத்தின் இரு எஞ்சின்களும் நின்றுபோக, விமானிகள் நெடுஞ்சாலையில் இறக்கினர். இருவரும் மாண்டனர், மற்ற மூவர் உயிர்தப்பினர். எஞ்சினுக்குள் காற்றை நெறிப்படுத்தும் பாகங்களில் அரிப்பு இருந்ததைப் புலனாய்வாளர்கள் கண்டனர். நம் ஊர் ஈரக் காற்றில் வேலை செய்யும் எனக்கு அந்தச் செய்தி தூக்கத்தைக் கெடுத்தது.

வயதைவிடக் கவனிப்பே பெரிது. 2008 செப்டம்பர் 19 அன்று தென் கரோலினாவின் கொலம்பியாவில், புறப்படும் ஓட்டத்தில் டயர்கள் வெடித்து ஒரு லியர்ஜெட் 60 எரிந்து, 4 பேர் இறந்தனர். அந்த டயர்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு அழுத்தம் குறையும். சுமார் மூன்று வாரங்களாக யாரும் அளந்து பார்க்கவில்லை. கண்ணால் பார்த்தால் அந்தக் குறைவு தெரியாது, அழுத்தமானியை வைத்தே ஆக வேண்டும்.

செம்பனைப் பட்டறை பதிலளித்தது:

நன்றி ஐயா. டயர் செய்தி என்னை உலுக்கிவிட்டது. லோரி டயரை உதைத்துப் பார்த்தே காற்று போதும் என்று சொல்பவர்கள் எங்கள் பட்டறையிலும் இருக்கிறார்கள். அந்தச் சிவப்புச் சாயத்தை டிரெய்லர் பின்களுக்கும் பயன்படுத்தலாமா? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

சுபாங் ஹாங்கர் பதிலளித்தது:

தாராளமாகப் பயன்படுத்தலாம். டின்னின்மேல் எழுதியிருக்கும் நேரத்தைப் பின்பற்றுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் விடுவது நல்லது. கிரீஸ் துளியும் மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் சாயம் விரிசலுக்குள் இறங்காது. துடைக்கும்போது கரைப்பானைப் பாகத்தின்மேல் நேரடியாகத் தெளிக்காமல், துணியில் நனைத்துத் துடையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இறங்கிய சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். மருமகனையும் ஒருநாள் பட்டறைக்கு அழைத்து, பழைய பின் ஒன்றில் அவர் கையாலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.