நாகை – கோடியக்கரை – அரிச்சல்முனை சைக்கிள் பயணம்: வழி, முள், உப்பு பற்றி

வேலிப்பருத்தி:
வணக்கம். ஜனவரியில் நாகப்பட்டினத்தில் கிளம்பி வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, தொண்டி வழியாகத் தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனை வரை ஆறு நாளில் போக இரண்டு பேர் திட்டமிட்டிருக்கிறோம். ஸ்டீல் பிரேம், 700x35 டயர், ட்யூப்தான். பின் கேரியரில் 12 கிலோ. கோடியக்கரையிலிருந்து கடலை ஒட்டியே முத்துப்பேட்டைக்குப் போக முடியுமா? காற்று எப்படி இருக்கும்? பறவைகளை எங்கே நின்று பார்க்கலாம்?

வாடைக்காற்று:
கடலை ஒட்டிச் சைக்கிள் போகிற வழி கிடையாது. இடையில் கிடப்பது உப்பளமும் சதுப்பும். மேப்பில் கோடு தெரிந்தாலும் நம்பாதீர்கள். அவை உப்பளக் கரைகள், பாதியில் வாய்க்காலில் போய் முடியும். ஈரமானால் களி சக்கரத்தில் அப்பி மட்கார்டுக்குள் இறுகிவிடும், தள்ளக்கூட முடியாது. வேதாரண்யத்துக்கே திரும்பி வந்து மேற்கே போங்கள். எல்லாம் சேர்த்து 330 முதல் 350 கி.மீ. வரும், ஆறு நாள் தாராளம்.

திசை சரிதான். ஜனவரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும், ராமநாதபுரம் வரை பெரும்பாலும் முதுகில்தான். அங்கிருந்து சாலை கிழக்கே திரும்புகிறது. கடைசி 75 கி.மீ. எதிர்க்காற்று அல்லது பக்கக்காற்று, வெயில் ஏற ஏற வலுக்கும். அதனால் அந்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து விடியலில் கிளம்புங்கள். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று தள்ளும். பாலத்தின் இணைப்பு இரும்புகளை நேராகவே கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் வழுக்கும்.

தை அமாவாசை எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று வேதாரண்யம், கோடியக்கரை, ராமேஸ்வரம் மூன்றிலும் தீர்த்தமாட வரும் கூட்டத்தில் அறை கிடைக்காது.

பழைய செயின்:
இந்த வழியில் பயணத்தைக் கெடுப்பது சீமைக்கருவேல முள். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் வெட்டி ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து கொப்பு உதிர்ந்து சாலையோரம் கிடக்கும். இரண்டு அங்குல முள்ளும் உண்டு. வெள்ளைக் கோட்டுக்கு உள்பக்கமாகவே ஓட்டுங்கள், நிழலுக்காக மண்ணில் இறக்காதீர்கள். மண்ணில் நெருஞ்சியும் இருக்கும்.

பஞ்சர் ஒட்டிய டயர் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முறிந்த முள் நுனி டயருக்குள்ளேயே நிற்கிறது. டயர் எழுத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் இருந்தால், ட்யூபில் ஓட்டையைக் கண்டதும் டயரில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். உள்ளே பனியன் துணியை ஓட்டுங்கள், நூல் சிக்கும் இடத்தில் முள். சிறு இடுக்கியால் பிடுங்குங்கள்.

ஆளுக்கு மூன்று ட்யூப், பன்னிரண்டு பேட்ச், ஒரு குழாய் சொல்யூஷன், டயருக்குள் வைக்கும் லைனர். இந்த எடைக்குக் காற்றழுத்தம் பின் சக்கரத்தில் 60, முன் சக்கரத்தில் 50 பிஎஸ்ஐ போதும். நாகையில் ட்யூப்லெஸ் ஆக்கலாம் என்று யாராவது சொன்னால், அதை வீட்டிலேயே ஓட்டிப் பழகியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

உப்பு: காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், வண்டி நிற்கும் இரவிலும் துரு வளரும். தினமும் மாலை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றிச் செயினைக் கழுவி, துடைத்து, உலர்ந்த பின் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். விட்டால் தனுஷ்கோடி மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போலச் செயினை அரைக்கும். சீட் போஸ்ட் அலுமினியமா? கிளம்பும் முன் உருவிக் கிரீஸ் தடவுங்கள், ஸ்டீலோடு சேர்ந்து இறுகினால் பிறகு வராது.

வேலிப்பருத்தி:
மிக்க நன்றி அண்ணா. சீட் போஸ்ட் அலுமினியம்தான், உருவிவிடுகிறேன். பறவைகள்?

பூநாரை:
கோடியக்கரையில் ஒரு முழுப் பகல் வையுங்கள். சரணாலயத்துக்குள் போக வனத்துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளிமான், மட்டக்குதிரை, புள்ளிமான் எல்லாம் புல்வெளியில் தெரியும். காலை, மாலைதான் நேரம். குரங்குகள் கேரியர் பையைத் திறந்துவிடும், சாப்பாட்டை வெளியே தொங்கவிடாதீர்கள். பூநாரை (ஃபிளமிங்கோ) ஆழமில்லாத உப்புநீரில் நிற்கும். கரையிலேயே வண்டியைப் படுக்க வைத்துத் தொலைநோக்கியில் பாருங்கள். கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பும், இரை தின்னும் நேரம் வீண்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு சைக்கிளில் எட்டாது. ஜாம்பவானோடையில் வண்டியை விட்டுப் படகில்தான் போக வேண்டும். தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பிலும் பூநாரை வரும்.

ஜனவரி, பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடக் கரையேறத் தொடங்கும் காலம். கடற்கரையில் கூடாரம், டார்ச் வெளிச்சம் இரண்டும் வேண்டாம், வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். அரிச்சல்முனையில் மாலைக்கு மேல் காவல்துறை இருக்க விடாது. காலையில் போங்கள், ராமேஸ்வரத்திலேயே ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு. சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், நேராக உருட்டுங்கள்.