மறு: கருவோட நுரையீரல் முதிருதா, வெம்புதா?

> "தாய்வழி அழற்சிக் குறிகைகளால் நேரும் நுரையீரல் முன்முதிர்ச்சி"ன்னு வச்சுடலாமா?

அக்கா வணக்கம். தாய்க்கு அழற்சி வந்தா கருவோட நுரையீரல் சீக்கிரமே முதிருதே, அதுக்கு நம்ம கட்டுரையில வைக்க நீங்க கேட்ட தமிழ்ப் பேரைப் பத்தித்தான். அழற்சி (inflammation), குறிகை (signal) ரெண்டும் ஓகே. தாய்வழின்னா ஆனா நம்மாளுங்களுக்கு தாய்வழிச் சொத்துதான் ஞாபகம் வரும், பரம்பரையா வர்ற ஏதோன்னு நினைச்சுப்பாங்க. இங்க நடக்கறது கிருமி ஏறி பனிக்குடச் சவ்வு அழற்சியாகறது, கரு அந்த நீரை உள்ள இழுத்து வெளிய விட்டுத்தான் மூச்சுப் பழகுது, அதனால நீர்ல இருக்கற இன்டர்லூகின் (அழற்சியைத் தூண்டற குறிகைப் புரதம்) நேரா நுரையீரல்லயே போய்ப் படுது. "பனிக்குட அழற்சி"ன்னாலே போதும்.

என் சண்டை முன்முதிர்ச்சியோட. கேட்டா ஏதோ நல்லது நடந்த மாதிரி இருக்கு. சினை ஆட்டோட பனிக்குடத்துல பாக்டீரியா நச்சை ஏத்திப் பாத்தாங்க, ஒரு வாரத்துல குட்டிக்கு சர்ஃபேக்டன்ட் (காற்றறை சுருங்கி ஒட்டிக்காம காக்கற பொருள்) ஏறுது, நுரையீரல் நல்லா விரியுது, ஆனா காற்றறை எண்ணிக்கை குறைஞ்சு பெருசு பெருசா நின்னுடுது. 1996ல வாட்டர்பெர்க்ங்கற டாக்டரோட குழு, பனிக்குட அழற்சிக்கு ஆளான குறைமாசக் குழந்தைங்ககிட்ட பாத்ததும் இதே ரெட்டை முகம்தான், பிறந்ததும் வர்ற மூச்சுத்திணறல் கம்மி, நாள்பட்ட நுரையீரல் நோய் ஜாஸ்தி. (அப்புறம் வந்த ஆய்வெல்லாம் ஒரே குரல்ல பேசல, அது வேற கதை.)

சித்திரை வெயில்ல மாம்பிஞ்சு மஞ்சளாகி விழும், பாக்க பழம் மாதிரியே இருக்கும், அறுத்தா கொட்டையே கட்டியிருக்காது. எங்க ஆத்தா கையில எடுத்ததுமே "வெம்பல்டா"ன்னு தூக்கிப் போட்டுடும். அழல்ல இருந்து அழற்சி, வெம்மைல இருந்து வெம்பல், ரெண்டுலயும் சூடு இருக்கு பாருங்க. "அழற்சி வெம்பல்" எப்படி?

---

> "அழற்சி வெம்பல்" எப்படி?

தம்பி, சொல்லு பிரமாதம், ஆனா வார்டுல வாய்விட்டுச் சொல்ல முடியாது, புள்ளத்தாச்சி காதுல வெம்பல்னு விழுந்தா அழுதுடுவா. இன்னொண்ணு, 1972ல லிகின்ஸ், ஹோவின்னு ரெண்டு டாக்டருங்க காட்டின, பிரசவத்துக்கு முன்னாடி தாய்க்குப் போடற ஸ்டீராய்டு ஊசியாலயும் நுரையீரல் சீக்கிரம் முதிருது, அது பிள்ளைய காப்பாத்தற வைத்தியம், அதுல போய் வெம்பல ஒட்டிடாதே. அதுக்கு "தூண்டிய முதிர்ச்சி", கிருமியால வர்றதுக்கு மட்டும் வெம்பல், அதுவும் கட்டுரைக்குள்ள. தாய்வழிய அடிச்சுட்டேன், நீ சொன்னது சரி.

சர்ஃபேக்டன்ட்ட அப்படியே விட்டுட்டே பாத்தியா, அதுக்கும் ஒரு பேரு யோசி.